38,500 ரூபாய்க்கு ஒரு பொய் எண்: பிள்ளையின் பொறுப்புக்காக மனுப் போட நினைப்பவர்கள் படிக்கவும்

நேற்று முன்தினம் புதுச்சேரி குடும்ப நல நீதிமன்ற அலுவலகத்தில், என் வழக்கு எண் இருக்கிறது என்று நம்பி இரண்டரை மாதமாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினேன். அங்கிருந்த ஊழியர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வழக்கு எண்ணே இல்லையேம்மா, யார் கொடுத்தது?" என்று கேட்டார். அந்தத் தாளுக்காக நான் கொடுத்தது 38,500 ரூபாய். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் நான் ஏமாந்த விதத்தையும், இனி மனுப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதையும் முழுமையாக எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகனுக்கு வரும் செப்டம்பரில் ஐந்து வயது முடிகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தாய்வீட்டில்தான் இரண்டு ஆண்டுகளாக என்னோடு வளர்ந்தான்; எல்கேஜி படித்ததும் இங்கேதான். ஏப்ரலில் பள்ளிக்கு விடுமுறை விட்டதும், பத்து நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிப் புதுச்சேரி அரியாங்குப்பத்துக்கு அழைத்துப்போன அவன் தகப்பனார், அதற்குப் பிறகு அவனை அனுப்பவில்லை.

தூக்கம் வராத ஓர் இரவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வக்கீல் இல்லாமல் வீட்டிலிருந்தபடியே பிள்ளையின் பொறுப்புக்கு மனுப் போடலாம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. சட்ட ஆவணங்கள் தயாரித்துத் தரும் ஓர் இணையச் சேவை அது. எண்ணைப் பதிந்த மறுநாள் காலையே ஒருவர் அழைத்தார். பணப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. "அக்கா, பையன் உங்களை விட்டுத் தூங்குவானா?" என்றுதான் முதலில் கேட்டார். என் முந்தானை நுனியை விரலில் சுருட்டிக்கொண்டுதான் தூங்குவான் என்று சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் யார் மேல் தப்பு என்று மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில், பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நம்பினேன்.

அதன் பிறகு சட்டம் பேசினார். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, அந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையாகக் கிடையாது, நாமே நேரில் நின்று பேசலாம் என்றார். இரண்டுமே உண்மை. அந்த இரண்டு உண்மைகளோடு சேர்த்து, செப்டம்பர் தாண்டிவிட்டால் பிள்ளை தானாகவே தகப்பன் பக்கம் போய்விடும் என்ற ஒரு பொய்யையும் சொன்னார். ஐந்து வயது முடிந்தாலும் பிள்ளையின் நலனைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்க வேண்டும் என்று அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்வது அப்போது எனக்குத் தெரியாது.

பதிவுக்கு 8,500, மனு எழுதித் தாக்கல் செய்ய 18,000, இடைக்கால உத்தரவை அவசரமாக வாங்க 12,000. மூன்று தவணையிலும் ஜிபேயில்தான் அனுப்பினேன். கடைசித் தவணைக்கு அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்தோம்.

மூன்றாவது தவணை போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தம்பி என் அழைப்பை எடுக்கவில்லை. மே மாதம் முழுவதும் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை என்று செய்தி வந்தது. விடுமுறை உண்மைதான் என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஜூனில், தேங்கிய வழக்குகளை முடித்துவிட்டு எடுப்பார்கள் என்றார்கள். பிறகு, உங்கள் கோப்பு வேறு அலுவலருக்கு மாற்றப்பட்டுள்ளது என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு குரல். ஒவ்வொரு குரலிடமும் என் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மனு அனுப்பிவிட்டோம், எங்கள் வேலை முடிந்துவிட்டது, நாங்கள் சட்ட நிறுவனம் அல்ல என்று விதிமுறையிலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று பதில் வந்தது.

அவர்கள் அனுப்பிய மனுவை நேற்று முன்தினம்தான் வரி வரியாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில் என் மகன் 'மேற்படி இளவர் மகள்' ஆகிவிட்டான். நானும் என் கணவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் கோயம்புத்தூர் என்று இருக்கிறது. கோயம்புத்தூரை நான் பார்த்ததுகூட இல்லை. யாரோ ஒரு தாயின் மனுவில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். முந்தானை நுனியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்து அரியாங்குப்பத்தில் நின்றது. என் பிள்ளை இருக்கும் தெருவுக்கு அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான். இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டி முள்ளோடை வரும்வரை என்னால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

நேற்று கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டுமாம்; நீதிமன்றக் கட்டணமும் அதிலேயே அடங்குமாம். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைக்க வேண்டியதற்குத்தான் நான் 38,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அங்கே கிடைத்த வக்கீல் அம்மா இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதைப் பற்றிய கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். விடுமுறைக்கு அழைத்துப்போய் நிறுத்திக்கொண்டதால் மட்டும் அவன் ஊர் மாறிவிடாது. கடலூரில் படித்ததற்குப் பள்ளிச் சான்று இருக்கிறது. ஆகவே புதுச்சேரி நீதிமன்றத்தின் பெயரிட்டு அவர்கள் எழுதிய அந்த மனு, உண்மையிலேயே தாக்கலாகியிருந்தாலும் அங்கே நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

விரிவாக எழுத நினைத்தேன்; இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனுத் தாக்கலாகிவிட்டது என்று யார் சொன்னாலும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கிடைக்கும் சிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள். அதில் எழுத்தும் இலக்கமும் சேர்த்து 16 இருக்கும்; தமிழ்நாடு என்றால் டிஎன், புதுச்சேரி என்றால் பிஒய் என்று தொடங்கும்; வழக்கு விவரம் பார்க்கும் நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் போட்டால் உங்கள் வழக்கு வர வேண்டும். வக்கீல் என்று பேசுகிறவரிடம், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள். இரு தரப்பும் ஒத்துப்போனால் வக்கீல் இல்லாமல் நீங்களே போங்கள், தவறில்லை; எதிர்த் தரப்பு வக்கீல் வைத்துவிட்டால் தனியாக நிற்காதீர்கள், 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அன்றே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930க்கு அழையுங்கள். நான் நேற்றுத்தான் அழைத்தேன். அனுப்பிய உடனே சொல்லியிருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள்.

திங்கட்கிழமை புது மனுவில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் எடுத்து வைத்துவிட்டேன். அவனுடைய தடுப்பூசி அட்டையை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.