படர்தாமரைக்கு வண்டுகொல்லியா, மெடிக்கல் டியூபா?

பாலக்கோட்டில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கும் சரி, ஓசூர் கம்பெனிகளில் இறுக்கமான பேண்ட்டோடு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் சரி, இடுப்பு மடிப்பில் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். எனக்கும் வந்தது. நான் தேர்ந்தெடுத்தது சீமை அகத்திக் களிம்பு.

வேப்பெண்ணெயை முதலிலேயே தள்ளிவிட்டேன். அந்த வாடையோடு பஸ் ஏற முடியாது.

சீமை அகத்தியைத்தான் வண்டுகொல்லி என்பார்கள். மஞ்சள் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. இலையில் உள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை அடக்கும். பச்சிலையை அரைத்தும் போடலாம். ஆனால் தினமும் பறித்து அரைக்க யாரால் முடியும்? சாற்றின் வீரியமும் ஒரே மாதிரி இருக்காது. களிம்பில் அந்தத் தொல்லை இல்லை. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

என் முடிவுக்குக் காரணம் அரிப்பு. மெடிக்கலில் "படைக்கு ஏதாவது குடுங்க" என்றால் பல நேரம் வருவது ஸ்டீராய்டு கலந்த டியூப். அதிலுள்ள க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அமர்த்திவிடும், சிவப்பும் மங்கும். ஆறிவிட்டது என்று நிறுத்திவிடுவோம். ஆனால் பூஞ்சை தோலின் மேலடுக்கில் உயிரோடுதான் இருக்கும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுவதால், அடுத்த முறை தொடை வரை இறங்கும். தடித்த ஓரம் மங்கிப்போவதால் பார்க்கும் டாக்டருக்கே குழப்பம். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அசையாத பூஞ்சை வகையும் இந்தியாவில் பரவியிருக்கிறது. களிம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், அரிப்பை மறைக்காது. அரிப்பு குறைந்தால் பூஞ்சை குறைகிறது என்று நம்பலாம். ஓரம் தட்டையாகித் தோல் பழைய நிறத்துக்கு வந்த பிறகும் சில நாள் தடவினேன்.

ஸ்டீராய்டு கலக்காத, வெறும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து டியூப் மோசமில்லை. விலையும் குறைவு, ஆய்வுகளும் அதற்கே அதிகம். களிம்பு கிடைக்காவிட்டால் அதையே வாங்குவேன், அட்டையில் வேறு மருந்துப் பெயர் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. என் அனுபவம் உள்ளங்கை அகல வட்டத்தோடு சரி. நகத்திலோ தலையிலோ வந்தால் மேல்பூச்சு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் எதையும் தடவ வேண்டும். அப்புறம், வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் சேர்ந்தே தடவுங்கள். துண்டு தனித்தனியாக இருக்கட்டும்.