புத்தகம் நல்லது, தேடினால் கிடைக்காது

புத்தகக் காட்சி வருகிறது, பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, சமீபத்தில் படித்ததில் எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வரிசையாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் அடுக்கி வைக்கிற ஆள் இல்லை. சாப்பிடும்போது ஏதாவது பேச்சு வரும், ‘இதை எங்கேயோ படித்தோமே’ என்று கை கழுவிவிட்டுப் போய்த் தேடுவேன். அப்போது எந்தப் புத்தகம் கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்பதை வைத்துத்தான் இப்போதெல்லாம் மதிப்பெண் போடுகிறேன்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். என்னிடம் ஒரு வட்டார வரலாற்று நூல் இருக்கிறது. பெயர் வேண்டாம். நல்ல கெட்டி அட்டை, தரமான தாள், ஆசிரியர் ஆவணக் காப்பகத்தில் பல வருடம் உட்கார்ந்து உழைத்திருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். கண்மாய், மடை, கோயில் நிலம், ஜமீன் வழக்கு, கலெக்டர் கடிதம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அதே பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகளுக்கு விளம்பரம். எந்தப் பெயர், எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் சொல்லும் பெயரடைவு இல்லை, பொருளடைவும் இல்லை. முன்னால் இருக்கும் பொருளடக்கத்திலோ ‘பின்னணி’, ‘மாற்றங்கள்’, ‘மேலும் சில செய்திகள்’ என்று தலைப்புகள். மேலும் சில செய்திகளாம்! எந்தச் செய்தி ஐயா?

போன வாரம் ஒரு மடையைக் கட்டிக்கொடுத்தவர் பெயர் தேவைப்பட்டது. படித்தது நன்றாக நினைவிருக்கிறது, இடப்பக்கம், கீழே, அடிக்குறிப்புக்குச் சற்று மேலே. மணி பதினொன்றாகியும் கிடைக்கவில்லை. தேடும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே வெள்ளைக்கார அதிகாரி ஓரிடத்தில் ஜாக்சன், இன்னோரிடத்தில் ஜாக்ஸன், மூன்றாவது இடத்தில் சாக்சன். பெயரடைவு போட உட்கார்ந்திருந்தால் இது அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

தமிழில் அடைவு போடுவது லேசான வேலை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இராமசாமியும் ராமசாமியும் ஒரே இடத்தில் வர வேண்டும். முன்னெழுத்து ஊரையும் அப்பாவையும் குறிப்பது. அப்படியென்றால் உ.வே.சாமிநாதையரை ‘உ’வில் போடுவதா, ‘சா’வில் போடுவதா? சுப்பிரமணிய சிவாவைத் தேடுகிறவர் ‘சு’வுக்குப் போவாரா, ‘சி’க்குப் போவாரா? போதாக்குறைக்கு யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த பக்கங்களைக் கணினி அகர வரிசைப்படுத்தினால் கந்தரகோளம்தான். எல்லாம் புரிகிறது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

தணியாததற்குக் காரணம் அந்த உ.வே.சா.வேதான். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி என்று வாசகன் எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் வழி இருக்கும். மின்விசிறி இல்லை, கணினி இல்லை, சுவடியில் பாதி எழுத்து பூச்சி தின்றது. அந்த மனிதர் செய்ததை ஒரு மேசைக் கணினி வைத்திருக்கிற நாம் ஏன் செய்யக் கூடாது?

அவருடைய ‘என் சரித்திரம்’ எனக்கு இந்த வருடத்தின் பெரிய சந்தோஷம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரு தலைப்போடு இருக்கும். ‘என்ன பிரயோசனம்?’ என்று ஒரு அத்தியாயம். 1880, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று இவர் அடுக்க அடுக்க எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வி வருகிறது. படித்ததில்லை. இவ்வளவு படித்தவனை ஒருத்தர் இப்படிச் சாதாரணமாக மடக்கிவிட்டாரே என்ற எரிச்சல் எழுத்தில் அப்படியே இருக்கிறது. அறுபது வருடம் கழித்து எழுதுகிறார், சூடு ஆறவில்லை. அந்த எரிச்சலில் எடுத்த சிந்தாமணியைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டு 1887இல் அச்சேற்றியது தனிக் கதை.

உ.வே.சா.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தை மாணவன் மெல்ல மெல்லக் கண்டுகொள்ளும் பகுதிகளுக்கு நான் அடிக்கடி போவேன். அவ்வளவு பெரிய புலவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தால் வீட்டில் எண்ணெய் இல்லை. இந்த மாதிரி இடங்களைத் தேட எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. உ.வே.சா. காலமானது 1942இல், உரிமைக்காலம் எப்போதோ முடிந்தாயிற்று. நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியில் சொல்லைத் தட்டி இடத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் தாளில் போய்ப் படிக்கிறேன். ஒரே குறை, வாழ்க்கைக் கதை 1890களின் கடைசியோடு நின்றுவிடுகிறது. எழுதி முடிக்கும் முன்பே அவர் போய்விட்டார். மிச்சம் நாற்பது வருடம் நமக்குக் கிடைக்கவில்லை.

நாவலுக்கு வருகிறேன். பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012). ஆயிரம் பக்கத்துக்கு மேல், படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு வலிக்கும். ஆண்டியும் மாரியும் சிறுவர்களாகக் கரிசல் காட்டில் சுற்றுகிற பகுதி இருக்கிறதே, அதற்காக மட்டுமே முழு விலையும் கொடுக்கலாம். வண்ணார் வீட்டுப் பிள்ளையும் குடும்பமார் வீட்டுப் பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சு, வசவு, எகத்தாளம் எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். ஆனால் 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளை என்று கதை நகர நகர, ஆட்கள் பின்னால் போய் ஆவணம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு எவ்வளவு தூரம் போனது என்பது தெரிந்துகொள்ள வேண்டியதுதான், மறுக்கவில்லை. எனக்கு ஆண்டியும் மாரியும்தான் வேண்டியிருந்தார்கள். பின்னட்டை உள்பக்கத்தில் ஆட்களின் பெயரையும் உறவையும் பென்சிலில் குறித்துக்கொண்டே போனேன். வாங்குகிறவர் ஒரு பென்சிலும் சேர்த்து வாங்கவும்.

சோ. தர்மனின் ‘சூல்’ அதே கரிசல் பக்கம், உருளைக்குடி கண்மாய். சாகித்திய அகாதெமி விருது வாங்கியது 2019இல். கண்மாயை ஊரே சேர்ந்து பராமரித்த காலத்தைச் சொல்லும்போது தர்மனுக்குக் கை தானாக ஓடுகிறது. கண்மாய் கெட்டுப்போன கதைக்கு வந்ததும் பாத்திரங்களின் வாயில் ஆசிரியரே பேச ஆரம்பித்துவிடுகிறார். இரவல் வாங்கிப் படித்தால் போதும். இல்லை, முதல் பாதிக்காக வாங்கலாம். உங்கள் இஷ்டம்.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ தயங்காமல் வாங்கலாம். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்கிறார்கள், மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிகிறது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்துப்போகிறார்கள். பள்ளிப் பாடத்தில் செக்கோடும் கப்பலோடும் முடிந்துபோகும் கதை இது. இங்கே அன்றைக்குத் தெருவில் இறங்கிய சாதாரண ஆட்கள் யார் என்று ஒருவர் நிதானமாகத் தேடிப் போகிறார். எனக்கு வ.உ.சி.யைவிட அவர்கள்தான் அதிகம் நினைவில் நிற்கிறார்கள்.

தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பல்லாங்குழி ஆட்டத்துக்குள் தனிச்சொத்து எப்படி நுழைந்தது என்று அவர் காட்டும் கட்டுரை நாலைந்து பக்கம்தான். ஆனால் என் பிரதியை இரவல் வாங்கிப் போன மகானுபாவர் இன்னும் தரவில்லை.

சரி, கடைசியாக நண்பருக்கு. அஞ்ஞாடியையும் 1908ஐயும் இந்தத் தள்ளுபடியில் வாங்கிவிடுங்கள். ‘என் சரித்திர’த்தைக் கைப்பேசியில் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எப்படியும் வாங்குவீர்கள். மேலே திட்டினேனே, அந்த வட்டார வரலாற்றையும் வாங்குங்கள். வேறு எதிலும் கிடைக்காத விஷயம் அதில்தான் இருக்கிறது. என் பிரதியைக் கேட்காதீர்கள். கடைசிப் பக்க விளம்பரங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் நானே பெயர்களும் பக்க எண்களும் எழுத ஆரம்பித்திருக்கிறேன், ‘க’ வரைக்கும் வந்திருக்கிறது. பதிப்பகம் அடுத்த பதிப்பில் அடைவு சேர்த்தால் அதையும் வாங்கிக்கொள்வேன், அப்போது இதை உங்களுக்குத் தருகிறேன்.