ஹாட்யாய் செல்ல வேனா, ரயிலா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பள்ளி விடுமுறை நெருங்கினாலே, தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். விமானச் செலவில்லாமல் கடப்பிதழில் ஒரு முத்திரை வாங்கித் தரும் வெளிநாடு நமக்கு அதுதான். அங்கே செல்லப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஆளுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று தங்கும் விடுதியையும் சேர்த்துப் பேசி வேனில் ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டாளருடன் போகலாம். அல்லது இடிஎஸ் எனப்படும் விரைவு மின்ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார் வரை சென்று, அங்கிருந்து தாய்லாந்து ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். எது மலிவு என்பதையே எல்லாரும் கேட்கிறார்கள். பணம் எந்த இடத்தில், யார் கையில் பறிபோக வாய்ப்பிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால் கணக்கு மாறுகிறது.

வேன் பயணத்தில் மோசடி பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே நடந்து முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமா, வாட்சாப்பில் வந்த விளம்பரத்தை நம்பி எட்டுப் பேருக்கான முன்பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் செலுத்தினார். புறப்பட வேண்டிய நாளில் விடியற்காலை நான்கு மணிக்குப் பைகளோடு சாலையோரத்தில் நின்றதுதான் மிச்சம், ஏற்பாட்டாளரின் தொலைபேசி அணைந்திருந்தது. அவருக்கு அப்போது தெரியாதது இதுதான்: 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம் நடத்த அமைச்சின் உரிமம் வேண்டும், அந்த உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, சுற்றுலா அமைச்சின் தளத்தில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். எண் சரியாக இருந்தாலும், பணத்தை அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில்தான் செலுத்த வேண்டும். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ள எண்களைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் தடுக்க ஓரளவு வாய்ப்புண்டு. உரிமம் பெற்ற நிறுவனம் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை என்றால், 5 வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பெயரும் முகவரியும் தெரியாத ஆளின் மீது இந்த வழி எடுபடாது. எனவே வேன் என்று சொல்லும்போது, உரிமம் பெற்ற வேனையும் 'கெரேத்தா சாப்பு' எனப்படும் அனுமதியற்ற வாடகை வேனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தெரிந்தவரின் தம்பி ஓட்டும் சொந்த வேனுக்கு இருபது, முப்பது வெள்ளி குறைவுதான். ஆனால் வாடகைக்கு ஆளேற்ற அனுமதி இல்லாத வண்டி விபத்துக்குள்ளானால், காப்புறுதி இழப்பீடு சிக்கலாகிவிடும்.

ரயிலில் இந்தப் பெரிய இழப்புக்கு இடமில்லை. பயணச்சீட்டை மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியிலோ முகப்பிடத்திலோ வாங்குகிறோம். நடுவில் எவரும் இல்லை. பாடாங் பெசார் நிலையத்திலேயே இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடுகிறது. ஆனால் பணம் சில்லறை சில்லறையாகக் கசியும் இடங்கள் இதில் உண்டு. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. அதை மறந்து குழம்புகிறவர்கள் ஹாட்யாய்க்குச் செல்லும் சிறு ரயில் போய்விட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். நாளுக்குச் சில முறை மட்டுமே ஓடும் ரயில் என்பதால், 'அடுத்த வண்டி இல்லை, நான் கொண்டுபோய் விடுகிறேன்' என்று நெருங்கி வருபவர் சொன்னதே விலை. ஹாட்யாயில் இறங்கியபின் துக்துக் எனும் சிறு வாடகை வண்டியில் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசி, அது வண்டிக்கா தலைக்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறைக் காலத்தில் இடிஎஸ் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுவது இன்னொரு குறை.

இரு வழியினரும் சிக்கும் பொறி ஒன்றும் இருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைவோர் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் தாய்லாந்து அரசின் தளமன்று. வேன் ஏற்பாட்டாளர் கேட்டால், அது அவர் நிரப்பித் தருவதற்கான கூலி என்று தெரிந்தே கொடுக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் இங்கேயே தாய்லாந்து நாணயமான பாட்டாக மாற்றி, இரசீது வாங்கி, இரண்டு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுப்பதையே நான் முதலில் வைப்பேன். அங்குள்ள ஏடிஎம் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்வதால் அட்டை அவசரத்துக்கு மட்டுமே உதவட்டும்; இயந்திரம் 'ரிங்கிட்டில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்த வேண்டும், அதன் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் வசதி அங்கும் இருப்பதால் சந்தை நெரிசலில் பணப்பையை வெளியே எடுக்கத் தேவையில்லை. ஆயினும் கைப்பேசியே திருடு போனால் எல்லாம் ஒன்றாகப் போகும் என்பதால் அதை ஒரே நம்பிக்கையாக்கிக்கொள்ளக் கூடாது.

மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கடப்பிதழை அடகு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பழைய கீறலைக் காட்டிக் காசு கேட்டால், கடப்பிதழ் அவர் கையில் இருக்கும்போது பேரம் பேச நமக்கு வாயேது? கடப்பிதழ் தொலைந்தால் 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறையை அழைத்துப் புகார் செய்து, சொங்க்லாவிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் மூடியிருக்கும் நாளென்றால் விடுதி வாடகையும் கூடும்.

தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் இரண்டு, மூன்று பெரியவர்களுக்கு ரயிலே சிக்கனம். அதில் போகக்கூடியது சிறு தொகைதான், அதையும் கவனத்தால் காக்கலாம். முழங்கால் வலியுள்ள முதியவர்கள், குழந்தைகள், பெட்டிகள் என்று பத்துப் பேர் கிளம்பினால், உரிமம் சரிபார்த்த நிறுவனத்தின் வேனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது. அடுத்த விடுமுறைக்கு எங்கள் வீட்டில் நாங்கள் நால்வரும் ரயிலில் போவதாக இருக்கிறோம். மாமாவும் அத்தையும் வேனில்தான். இந்த முறை உரிம எண்ணை மாமாவே மூன்று முறை சரிபார்த்துவிட்டார்.