விண்டோஸ் 11 கடிகாரத்தில் கிழமை காட்ட: விண்ட்ஹாக் எப்படி?

விண்டோஸ் 11-ன் டாஸ்க்பார் மூலையில் மணி உண்டு, தேதி உண்டு, கிழமை கிடையாது. விண்டோஸ் 10-ல் டாஸ்க்பாரைக் கொஞ்சம் உயரமாக இழுத்துவிட்டால் கிழமை தானாக வந்து உட்காரும். 11-ல் அப்படி இழுக்கவே வழியில்லை. இந்தக் குறைக்கு இன்று கிடைக்கிற நல்ல தீர்வு, விண்ட்ஹாக் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும் அதற்குள் கிடைக்கும் 'டாஸ்க்பார் கிளாக் கஸ்டமைசேஷன்' என்ற மாட்-உம்தான் (மாட் என்பது விண்டோஸின் ஒரு பகுதியை மாற்றியமைக்கும் சிறு நிரல்).

பலரும் சொல்லித்தரும் குறுக்குவழி வேறு. கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ், டேட் என்று போய், ஷார்ட் டேட் பெட்டியில் தேதிக்கு முன்னால் சிறிய 'டி' மூன்று சேர்ப்பது. கிழமை வந்துவிடும். ஆனால் நீங்கள் மாற்றியது கடிகாரத்தை மட்டுமல்ல, கம்ப்யூட்டர் முழுவதுக்குமான தேதி வடிவத்தை. பேக்கப் எடுக்கும் பேட்ச் ஃபைல்கள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு ஃபைல்கள்) பல, தேதியின் முதல் இரண்டு எழுத்தை நாளாகவும் 4, 5-ஆம் எழுத்துகளை மாதமாகவும் வெட்டி எடுத்து ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும். முன்னால் கிழமை நுழைந்ததும் எல்லாம் நான்கு இடம் தள்ளிப்போகும். ஃபோல்டர் பெயர் குளறுபடியாகும். நாள், மாத வரிசையையும் மாற்றிவிட்டால் எக்செல்லில் நீங்கள் 03/04 என்று தட்டுவது ஏப்ரல் 3-ஆக இருந்தது, மார்ச் 4-ஆகப் பதிவாகும். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டே வேண்டாம். விண்ட்ஹாக் மாட் தொடுவது கடிகாரத்தில் தெரியும் எழுத்தை மட்டும். அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறோம்.

விண்ட்ஹாக்கை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவித் திறந்து, எக்ஸ்ப்ளோர் பகுதியில் மாட்-இன் பெயரைத் தேடி, டீடெய்ல்ஸ், பிறகு இன்ஸ்டால். ஆபத்தை ஏற்கிறீர்களா என்று ஒரு எச்சரிக்கை வரும். எல்லா மாட்-க்கும் வருவதுதான் அது. தயங்குபவர்கள் சோர்ஸ் கோட் பகுதியைத் திறந்து முழு நிரலையும் அங்கேயே படித்துப் பார்க்கலாம்.

வேலையெல்லாம் செட்டிங்ஸ் பகுதியில். கடிகாரத்தின் மேல்வரி, கீழ்வரி இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. மேல்வரியில் %டைம்%, கீழ்வரியில் %வீக்டே% %டேட்% என்று கொடுத்தால் போதும் (இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் பெட்டியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும், சதவீதக் குறிகளை விட்டுவிடாதீர்கள்). வடிவப் பெட்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு 'எம்' எழுத்தில்: பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். தேதியில் சிறிய எம் போட்டால் மாதம் வராது. பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு, சிறிய ஹெச் 12 மணிக் கணக்கு. வடிவத்துக்கு நடுவே சொந்தமாக ஏதாவது சொல் சேர்ப்பதானால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

நமக்கு மிகவும் பிடித்தது கிழமைப் பெட்டி. வீக்டே ஃபார்மட் இடத்தில் 'கஸ்டம்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அடுத்த பெட்டியில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என ஏழையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். பட்டியல் ஞாயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். திங்களில் தொடங்கினால் ஆண்டு முழுக்க ஒருநாள் பிசகும். விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடிகாரத்தில் 'வெள்ளி' என்று தமிழில் வரும். இதற்காக மொழியையோ ரீஜனையோ மாற்ற வேண்டியதில்லை.

தமிழ் எழுத்துக்கு இடம் கூடுதலாக வேண்டும். 'செவ்வாய்' என்பதோடு முழுத் தேதியும் சேர்ந்தால் கீழ்வரி நீளும். ஆண்டை விட்டுவிடுங்கள், அல்லது தேதியை மேல்வரிக்கு ஏற்றுங்கள். இகரக் குறி மேலேயும் உகரக் குறி கீழேயும் நீள்வதால் இரண்டு வரியும் நெருக்கமாகத் தெரியும். ஸ்டைல் பகுதியில் ஃபான்ட் பெயராக நிர்மலா யூஐ, அளவாக 11 கொடுத்துப் பாருங்கள். எழுத்தின் நிறம், தடிப்பு எல்லாம் அங்கேயே உண்டு, ஆனால் அந்தப் பகுதிக்கு விண்டோஸ் 11-ன் 22எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. செய்தி ஓடை காட்டும் வசதியும் இருக்கிறது. கடிகார மூலைக்கு அது வேண்டாத சுமை.

குறைகளும் உண்டு. இந்த மாட், டாஸ்க்பாரை இயக்கும் எக்ஸ்ப்ளோரர் புராசஸுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. ஆகவே பெரிய விண்டோஸ் அப்டேட் வந்ததும் கடிகாரம் பழையபடி மாறி நிற்கலாம். புது ஃபைல்களுக்கான சிம்பல் விவரங்களை (நிரலின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளை) மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து விண்ட்ஹாக் இறக்க வேண்டும் என்பதால் இணையத்தை இணைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் மாட்-க்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா பாருங்கள். நுழையும் விதத்தைப் பார்த்துச் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்படும். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் நிறுவாதீர்கள்.

விநாடி மட்டும் போதும் என்பவருக்கு இது எதுவும் தேவையில்லை. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போனால் விநாடி காட்டும் டிக் பெட்டி 2023 முதல் இருக்கிறது. மின்சாரம் கூடச் செலவாகும் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். விநாடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிப்பதுதான் காரணம். லேப்டாப்பில் அணைத்தே வையுங்கள். விண்டோஸ் 95 காலத்தில், 4 எம்பி ரேம் கம்ப்யூட்டர்கள் அந்த வேலையால் திணறியதால்தான் விநாடி கடிகாரத்திலிருந்து நீக்கப்பட்டது.

24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு ஏஎம், பிஎம், ஆண்டு மூன்றும் காணாமல் போயிருந்தால் அது பழுதல்ல. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் பக்கத்தில் சுருக்கமாகக் காட்டும் பொத்தான் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை அணைத்தால் திரும்பி வரும்.