காணியை வைத்து எடை போட்டால்: ஜீவன், திகாம்பரம், கலைச்செல்வி

நுவரெலியா மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் எட்டு ஆசனங்கள். 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடந்த தேர்தலில் அவற்றில் ஐந்தைத் திசைகாட்டிச் சின்னத்தில் வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. இரண்டு தொலைபேசிச் சின்னத்து ஐக்கிய மக்கள் சக்திக்கும், ஒன்று யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிக்கும் போயின. அந்த எட்டுப் பேரில் தமிழர் நால்வர்: ஜீவன் தொண்டமான், பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், கிருஷ்ணன் கலைச்செல்வி. 2015 இலும் 2020 இலும் இதே மாவட்டம் ஐந்து தமிழரை அனுப்பியிருந்தது. ஒன்று குறைந்துவிட்டதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் இருக்கிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி ஜெயித்தார்கள், எதை முதலில் வைக்கிறார்கள் என்று ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவரை வைத்துப் பார்ப்பது அதைவிட முக்கியம். இராதாகிருஷ்ணனும் திகாம்பரமும் ஒரே தமிழ் முற்போக்குக் கூட்டணி என்பதால், நமக்கு முன்னால் இருப்பவை மூன்று தெரிவுகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதைக் கொண்டு அளப்பது? தேயிலைத் தோட்டத்தில் கூட்டம் போட்டால் எல்லாக் கட்சிக்காரரும் சம்பளத்தைத்தான் பேசுவார்கள். சம்பளம் சின்ன விஷயமே இல்லை. அரைப்பேர் போட்டால், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்று பதிந்தால், அந்த மாதம் கடையில் கடன் ஏறும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் என் அளவுகோல் காணிதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மண்சரிவு வந்தபோது, லயத்தை (தோட்டத்துத் தொடர் வீட்டு வரிசையை) விட்டு வெளியேறச் சொல்லப்பட்ட குடும்பங்களுக்குப் போய் நிற்கச் சொந்தமாக ஒரு பேர்ச் (சுமார் 25 சதுர மீற்றர்) நிலம் கிடையாது. அவர்கள் குடியிருந்த லயமும் தோட்டத்துடையது, அதைச் சுற்றியிருந்த மேடும் பள்ளமும் தோட்டத்துடையது. இருநூறு வருடம் ஒரே மண்ணில் உழைத்த மக்களுக்கு இதைவிடப் பெரிய குறை என்ன இருக்க முடியும்?

முதலில் ஜீவன். அவருக்குப் பின்னால் இருப்பது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் முழு வரலாறு. 1947 தேர்தலில் அதன் முன்னோடியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் ஜீவனின் கொள்ளுத் தாத்தா சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடமே தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949 இல் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. அப்புறம் 1977 இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மறுபடி வென்று, 1978 இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குள் போனார். அன்றிலிருந்து காங்கிரஸின் வழி ஒன்றுதான்: யார் ஆண்டாலும் உள்ளே உட்கார்ந்து வாங்க வேண்டியதை வாங்குவது. இந்த வழியைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பேச மாட்டேன். 1988 சட்டமும், அப்புறம் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் என்ற நிலையைத் துடைத்ததற்கு இந்தப் பேரம்பேசும் அரசியல் ஒரு முக்கிய காரணம். என் தலைமுறையின் கையில் அடையாள அட்டை இருப்பதே அதனால்தான்.

ஆனால் ஜீவன் காலத்துக் காங்கிரஸ் வேறு. தந்தை ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26 ஆம் திகதி காலமானார். அந்த இடத்தில் வேட்பாளராக வந்த ஜீவன், ராஜபக்ஷ தரப்பின் மொட்டுச் சின்னத்தில் 1 இலட்சத்து 9 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 25. இராஜாங்க அமைச்சரானார், 2022 ஏப்ரலில் கோட்டாபய அரசை விட்டு விலகினார், 2023 ஜனவரியில் ரணில் விக்கிரமசிங்கவின் அமைச்சரவையில் நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சரானார். 2024 இல் யானைச் சின்னத்தில் நின்றபோது கிடைத்தது 46 ஆயிரம் சொச்சம். நாலு வருடத்தில் பாதிக்கும் கீழே. 2020 வாக்கில் அனுதாபம் கலந்திருந்தது உண்மைதான், ஆனால் சரிவு முழுவதையும் அதைக் கொண்டு விளக்கிவிட முடியாது. மொட்டுடன் போய், அப்புறம் யானையுடன் போய், இரண்டும் வீழ்ந்தபோது கூடவே அடி வாங்கியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் அமைச்சராக இருந்த காலத்தில் நம் மக்கள் இங்கு வந்து இருநூறு வருடமானதைக் குறிக்கும் மலையகம் 200 நினைவு வந்தது. 2023 ஜூலையில் இந்தியா 75 கோடி இந்திய ரூபா உதவியை அறிவித்தது. 10,000 வீட்டுத் திட்டத்தில் முதல் கட்டமாக 1,300 வீடுகளுக்கான வேலை 2024 பெப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் தோட்ட மக்களின் காணி உரிமைக்கென 400 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. எல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் தொடக்கங்களாகவே நின்றுவிட்டன. ஆட்சி மாறியபோது சட்டமாக எதுவும் மிஞ்சவில்லை. ஜீவன் இளையவர், சட்டம் படித்தவர், மூன்று மொழியிலும் ஊடகத்தில் தெளிவாகப் பேசக்கூடியவர். அந்தத் திறமை ஒரு சட்டமூலமாக வெளிவந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

திகாம்பரத்துக்கு அப்படிப் பரம்பரைப் பெயர் கிடையாது. தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தூக்கி நிறுத்தி, 2010 இல் பாராளுமன்றத்துக்கு வந்தவர். 2014 டிசம்பரில், மஹிந்த ராஜபக்ஷ பலமாக இருக்கும்போதே, அவரும் இராதாகிருஷ்ணனும் பிரதி அமைச்சர் பதவிகளை விட்டுவிட்டு மைத்திரிபால சிறிசேன பக்கம் வந்தார்கள். தோற்றிருந்தால் இரண்டு பேரின் அரசியலும் முடிந்திருக்கும். 2015 இல் மனோ கணேசனும் சேர, தமிழ் முற்போக்குக் கூட்டணி உருவானது. திகாம்பரம் மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சராக அமைச்சரவைக்குள் போனார்.

அந்த நாலரை வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் காணி விஷயத்தில் கைக்குப் பிடிபடுகிற வேலைகள் அதில்தான் அதிகம். மாடி லயம் கட்டும் யோசனை போய், ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்பது கொள்கையானது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முதலில் சொன்ன 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தில் மலையகத்துக்கென ஒரு புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை பிறந்தது. அதே 2018 இல்தான் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதற்கு முன் பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது. நம் வாக்கில் தெரிவான உறுப்பினர், நம் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டி கல் கொட்ட வேண்டும் என்றாலும் தோட்டத்துரையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூர்க்காரருக்கு இது சின்னத் திருத்தமாகத் தெரியலாம். பிரசவ வலியில் இருந்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்த தோட்டங்களுக்கு அது சின்னதில்லை. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்ததும் அந்தக் காலத்தில்தான். கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் அப்படி வந்தவை.

குறையும் சொல்ல வேண்டும். வீடு கிடைத்தவர்களுக்கெல்லாம் காணி உறுதி கைக்கு வரவில்லை. கட்டிய வீடுகள் தேவைக்கு முன்னால் மிகக் கொஞ்சம். நாட்சம்பளத்தில் 2019 ஜனவரியில் சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையே வந்த கூட்டு ஒப்பந்தம் அடிப்படையாக 700 ரூபாவில் நின்றது. தெருவில் கேட்டது 1,000. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது வேறு சங்கங்கள் என்று கூட்டணி சொல்லும். சரி, ஆனால் அமைச்சரவையில் இருந்தது அவர்களும்தானே. 2020 க்குப் பிறகு எதிர்க்கட்சியில் இருக்கிறார்கள். 2024 இல் திகாம்பரம் 48 ஆயிரமும் இராதாகிருஷ்ணன் 42 ஆயிரமும் விருப்பு வாக்கு வாங்கினார்கள். அலைக்கு எதிராக நின்று வாங்கிய வாக்கு அது. திகாம்பரத்தின் எண்ணிக்கை ஜீவனுடையதை விடக் கொஞ்சம் கூட என்பதையும் கவனிக்க வேண்டும்.

இராதாகிருஷ்ணனைப் பற்றிச் சுருக்கமாக: சந்திரசேகரன் 1989 இல் தொடங்கிய மலையக மக்கள் முன்னணியின் தலைவர், 2015 இல் கல்வி இராஜாங்க அமைச்சர். அவர் பேச்சில் காணியைவிடப் பாடசாலை அதிகம் வரும்.

கலைச்செல்வி வேறு ஒரு கதை. கடந்த தேர்தலில் நுவரெலியாவில் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் இப்படி மக்கள் வாக்கில் நேராகப் பாராளுமன்றம் போனது இதுதான் முதல் தடவை. 1947 இலிருந்து எண்ணினால் எத்தனை தலைவர்மார், எத்தனை மாவட்டத் தலைவர்கள், எத்தனை மேடைகள்! கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. சந்தா வெட்டப்படுவதும் அவர்கள் சம்பளத்தில்தான். ஆனாலும் பழைய சங்கங்கள் ஒரு பெண்ணையாவது ஜெயிக்க வைத்து மேலே அனுப்பவில்லை. தேசிய மக்கள் சக்தி அனுப்பியது. இந்தப் பெருமையைக் கட்சி பேதம் பார்க்காமல் கொடுக்க வேண்டும்.

அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்கு 33 ஆயிரம் அளவில். கட்சியின் ஐந்து ஆசனத்தில் ஐந்தாவது இடம். பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆளும் கட்சிக்கு 225 இல் 159 பேர். மூன்றில் இரண்டுக்கு மேல் இருப்பதால் நினைத்தால் எந்தக் காணிச் சட்டத்தையும் நிறைவேற்றலாம். ஆனால் 159 பேர் உள்ள கட்சிக்குத் தனி ஒருவரின் கோரிக்கைக்கு இறங்கிவர வேண்டிய கட்டாயம் இல்லை. 1994 இல் சந்திரசேகரன் ஒரேயொரு ஆசனத்தோடு போய் சந்திரிகா அரசு அமையக் கைகொடுத்தார். அந்த ஒன்றுக்கு இருந்த எடை இன்று ஆளும் தரப்பின் மலையக உறுப்பினருக்குக் கிடையாது. பெருந்தோட்ட அமைச்சு சமந்த வித்யாரத்னவிடம். பிரதி அமைச்சர் சுந்தரலிங்கம் பிரதீப் நம் ஆள்தான், ஆனால் அவர் இரத்தினபுரி மாவட்டம். நுவரெலியாவின் குறையைக் கட்சிக் கூட்டத்துக்குள் உரத்துச் சொல்லும் வேலை கலைச்செல்வியின் தலையில்.

கட்சி என்ன செய்திருக்கிறது? 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தில் காணி, வீடு, சம்பளம் எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்தது. 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி பண்டாரவளையில் சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தது. வாங்கியவர்களின் சந்தோஷம் உண்மையானது. காணிப் பதிவகத்தில் அவரவர் பெயரில் ஏறும்போதுதான் அது உறுதியாகும், வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அந்தப் படிவரை கொண்டுபோகிறார்களா என்று பார்க்க வேண்டும். சம்பளத்தில் இவர்கள் கொஞ்சம் முன்னால் நிற்கிறார்கள். ஜீவன் அமைச்சராக இருந்தபோது, 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் சம்பள நிர்ணய சபையில் 1,350 ரூபாவும் மேலதிக கொழுந்துக்கான ஊக்கத்தொகையுமாக முடிந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசே வருகைக்கான 200 ரூபாவைச் சேர்த்து 1,750 என்றது. தொழிலாளிக்கு நல்லது. ஆனால் அந்த 200 ஒவ்வொரு வருடமும் திறைசேரி கொடுத்தால்தான் வரும் என்பதை மறக்கக்கூடாது.

மூன்று பேரிடமும் நான் கேட்க விரும்பும் கேள்வி 2045 பற்றியது. 1970களில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்கள் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயின. நிலம் அரசுடையது, குத்தகை 2045 வரை. ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தோட்டத்திலும் கம்பனியோடு பேசித்தான் விடுவிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுத் திட்டங்கள் ஆமை வேகத்தில் நகர்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். குத்தகையைப் புதுப்பிக்கும் பேச்சு வரும் நாளில், லயங்களும் அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்பு நிலமும் குத்தகைக்கு வெளியே எடுக்கப்படும் என்று இப்போதே சட்டத்தில் எழுதிவைக்க முடியும். ஒரு தோட்டம் ஒரு தோட்டமாகப் பேசும் வேலை அதோடு குறையும்.

இதுவரை செய்ததை மட்டும் வைத்து எடை போட்டால் என் கணக்கில் திகாம்பரமும் அவரது கூட்டணியும் முன்னால். ஆட்சி போன பிறகும் நிற்கிற சட்டங்களை அவர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஜீவன் இரண்டாவது, வயதும் படிப்பும் அவர் பக்கம் இருக்கின்றன, சொந்தச் சின்னமான சேவலில் நின்று தன் பலத்தை அளந்து பார்க்கும் துணிவு வந்தால் நிலைமை மாறலாம். கலைச்செல்வியை இந்த வரிசையில் இப்போதே வைப்பது அநியாயம், ஏனென்றால் அவருடைய தவணை 2029 வரை இருக்கிறது. செய்யக்கூடிய அதிகாரம் இன்று அவர் கட்சியிடம் மட்டுமே இருப்பதால், மற்ற இருவரையும்விட அதிகமாக அவரைத்தான் நாம் கேட்க வேண்டும். நம் தேர்தல் முறையில் மூன்று விருப்பு வாக்கும் ஒரே பட்டியலுக்குள்தான் போட முடியும் என்பதால், யானைக்கொன்று தொலைபேசிக்கொன்று என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. பட்டியலைத் தெரிவு செய்த கையோடு மற்றவர்களை விட்டுவிட்டோம்.

அதற்கு முன்னால் மாகாண சபைத் தேர்தல் வரலாம். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். 2018 இல் அதன் காலம் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர்தான் நடத்துகிறார். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. ஆசிரியர் நியமனம், கட்டடம், சிறு வைத்தியசாலைகள் எல்லாம் அங்கேதான். தேர்தல் அறிவிக்கப்பட்டால் மூன்று தரப்பும் லயத்து வாசலுக்கு வேட்பாளர்களை அழைத்து வரும். வருகிறவர்களிடம், உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் குடியிருப்புக் காணிக்கான சட்டமூலத்தை எந்த மாதம் சமர்ப்பிக்கப் போகிறார் என்று கேளுங்கள். பதிலைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.