புல்லர்ட்டனா, நேஷனல் கேலரியா?

ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு சிங்கப்பூரில் ஆங்கிலேயர் காலத்து அரசாங்கக் கட்டடம் ஒன்றைக் காட்ட அரை நாள்தான் கிடைத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புல்லர்ட்டன் ஹோட்டல், அந்தப் பக்கம் பாடாங் திடலைப் பார்த்தபடி நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடம். நான் கேலரிக்குத்தான் கூட்டிப்போனேன்.

தூண், பிரமாண்டம், போட்டோவுக்கு நிற்க இடம் எதிலும் இரண்டுக்கும் குறையில்லை. அதை விடுங்கள்.

புல்லர்ட்டன் 1928-ல் திறந்தது. தலைமைத் தபால் நிலையம் அங்கேதான் இருந்தது. வருமான வரிக்காரர்களும் பின்னாளில் இருந்தார்கள். 2001 முதல் ஹோட்டல். பராமரிப்பு பிரமாதம், சுவரில் ஒரு கறை தங்காது. நான் அங்கே தங்கியதில்லை, காபி குடித்ததோடு சரி. அறைகளைப் பற்றித் தங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் லாபியில் உட்கார்ந்தால் இங்கே ஒரு காலத்தில் தபால்தலை விற்றார்கள் என்பதே தோன்றாது. பழைய கதைக்கு ஓரமாக ஒரு சின்னக் காட்சிக்கூடம், அவ்வளவுதான்.

எனக்கு முடிவு செய்தது இதுதான்: வேலை மாறிய பிறகும் பழைய வேலை கண்ணில் படுகிறதா? 1929-ல் முடிந்த நகர மண்டபத்தையும் 1939-ல் திறந்த உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015-ல் கேலரி ஆக்கினார்கள். ஆனாலும் ஒரு நீதிமன்ற அறை நீதிபதி மேடையோடும் குற்றவாளிக் கூண்டோடும் அப்படியே இருக்கிறது. கைதிகளை அடைத்து வைத்த அறைகளில் சிலவற்றையும் கழிப்பிடத்தோடு விட்டு வைத்திருக்கிறார்கள். சித்தப்பா கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியங்களை நடந்துகொண்டே பார்த்தவர், கூண்டைக் கண்டதும் நின்றுவிட்டார். கைதிகளைக் கீழேயிருந்து நேராகக் கூண்டுக்கே ஏற்றிவிடுவார்கள் என்றேன். "நம்ம கோர்ட்டுல வராண்டா வழியாத்தான்டா கூட்டிட்டு வருவாங்க, சொந்தக்காரங்க ரெண்டு பக்கமும் நின்னு அழுவாங்க" என்றார். அடிக்கல்லுக்குக் கீழே பின்தலைமுறைக்காகப் புதைத்த ஒரு காலப் பெட்டகம் இருக்கிறது, அதை 3000-ஆம் ஆண்டில்தான் திறப்பார்கள் என்றதற்கு, "நம்ம கேஸ் கட்டு மாதிரி" என்று சிரித்தார். அடுத்த கட்டடத்தில், நகர மண்டபத்தின் பேரவைக் கூடத்தில்தான் 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டார்கள்.

கேலரியிலும் குறை உண்டு. ஓவியத்துக்காகவே வருகிறவருக்குப் பழைய மரச்சுவர் இடைஞ்சலாகத் தோன்றலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் கண்காட்சி இலவசம். சித்தப்பாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. ஹோட்டல் லாபிக்கு டிக்கெட் இல்லை, ஆனால் காபி விலை அதை ஈடுகட்டிவிடும். கேலரி மாலை 7 மணிக்கு மூடுகிறது. பர்ஸ் தாங்கினால் அப்புறம் பாலத்தைத் தாண்டி அந்தக் காபியையும் குடித்துவிடலாம்.