கடப்பா கல் அலமாரிக்கு வட்டச் சம்படமா, சதுர டப்பாவா?

இரண்டடி அகலம், ஓரடி ஆழம், ஓரடி உயரம். எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் இந்த அளவில் மூன்று கடப்பா கல் தட்டுகள் உண்டு, அவ்வளவுதான். புதிதாக ஆணி அடிக்க முடியாது, பரணில் ஏற்கெனவே பெட்டிகள். அதனால் எவர்சில்வர் டப்பா வாங்கக் கிளம்பிய அன்று பணப்பையோடு இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டேன். இடம் குறைவாக இருப்பவர்கள் தட்டை அளக்காமல் பாத்திரக்கடைக்குப் போகவே கூடாது.

போட்டி முக்கியமாக இரண்டுக்குள்தான்: அம்மா காலத்து வட்டச் சம்படம், இப்போது நிறைய வரும் சதுர டப்பா.

கணக்குப் போட்டால் சதுரம் எளிதாக ஜெயிக்கிறது. 14 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. உயரமும் உள்ள வட்டச் சம்படம் ஏறக்குறைய 2.3 லிட்டர் கொள்ளும். அதே அகல உயரத்தில் சதுரம் 2.9 லிட்டர். என் தட்டில் வரிசைக்கு 4 என்று இரண்டு வரிசை, மொத்தம் 8 டப்பா நிற்கும். எட்டையும் கூட்டினால், சதுரத்தின் முனைகளை மழுக்கியிருப்பதைக் கழித்த பிறகும், ஒரே தட்டில் 4.5 லிட்டர் கூடுதல். மூன்றரைக் கிலோ அரிசிக்கு அது இடம். வட்டங்களுக்கு நடுவே விழும் சந்துகளில் இத்தனை நாள் நாம் காற்றைத்தான் அடுக்கி வைத்திருந்தோம்.

ஆனாலும் எல்லாவற்றையும் சதுரமாக மாற்றியபோது இரண்டு சங்கடங்கள் வந்தன. ஒன்று, சதுர டப்பாக்கள் ஒட்டி நின்றால் பின்வரிசையில் இருப்பதை எடுக்க விரல் நுழையாது. அந்தச் சந்துதான் வட்டத்தில் கைக்கு வழிவிட்டது. இரண்டாவது பெரிய சங்கடம், மூடி. வட்ட விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறுக்கும். சதுரத்தின் நேர்ப்பக்கத் தகடு நடுவில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அங்கே காற்று புகும். துவரம்பருப்புக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. காபித்தூள் வாசம் போய்விட்டது, ஐப்பசி மழையில் மிளகாய்த்தூள் கட்டிப்போனது. மாவு வகைகள் வேறு மூலையில் அப்பிக்கொள்ளும். வழித்து எடுக்காமல் மேலே புதிதாகக் கொட்டினால் வண்டு வைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. அரிசி, பருப்பு, ரவை மாதிரி வேகமாகக் காலியாகும் மணிச் சாமான்களுக்குச் சதுரம். பொடி, காபித்தூள், பெருங்காயம், வறுத்த எதுவானாலும் வட்டம். பொடிச் சம்படங்கள் சின்னவை என்பதால் அங்கே வீணாகும் இடமும் சொற்பம்.

சிலிக்கான் வளையமும் கிளிப்பும் வைத்த சதுர டப்பா மூடிப் பிரச்சினையைத் தீர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் கிளிப் இருபுறமும் துருத்தி நிற்கும். பக்கத்துக்கு 1.5 செ.மீ. என்று வைத்தாலும் வரிசைக்கு 4 நின்ற இடத்தில் 3தான். முன்னும் பின்னுமாகத் திருப்பி வைத்தால் இரண்டாவது வரிசை ஓரடிக்குள் அடங்காது.

அடுக்கு செட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று போகும் ஐந்து டப்பாவைக் கடையில் காட்டும்போது இடமே அடைக்காதது போலத் தெரியும். அது காலியாக இருக்கும்போது மட்டும்! சாமானைக் கொட்டிய அன்றே ஐந்தும் ஐந்து இடம் கேட்கும், அதுவும் ஐந்து வெவ்வேறு உயரத்தில். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு வேண்டுமானால் உதவும்.

கடையில் "அண்ணே, இது எவ்வளவு பிடிக்கும்?" என்றேன். "ஒரு கிலோ டப்பாம்மா" என்றார். எதில் ஒரு கிலோ? அரிசி ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் இடம் போதும். கோதுமை மாவுக்கு ஒன்றே முக்கால் லிட்டராவது வேண்டும். கிலோவை விட்டு லிட்டரைக் கேளுங்கள், தெரியாவிட்டால் அகலத்தையும் உயரத்தையும் நீங்களே அளந்துவிடுங்கள்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று தரம் பார்க்கும் வழக்கத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. 304 என்ற எவர்சில்வர் வகையில் 18% குரோமியம், 8% நிக்கல். 202 என்ற வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது, அழுத்தி வடித்த விளிம்பில் லேசாக இழுக்கலாம். எனவே காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அச்சிட்ட எண்ணைப் பாருங்கள், கையில் தூக்கிக் கனத்தையும் பாருங்கள். உலர்ந்த சாமானுக்கு 202 போதும். உப்பையும் புளியையும் எந்த எவர்சில்வரிலும் போட வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அவற்றுக்குப் பீங்கான் ஜாடி இருக்கிறது.

உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி மூடி முன்வரிசைக்குப் பயனில்லை, பக்கவாட்டில் பார்த்தால் எதுவும் தெரியாது. குனிந்து பார்க்கும் கீழ்த்தட்டுக்கு மட்டும் வாங்கலாம்.

விலை பேசுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டப்பாவை மூடி, மூடியை மட்டும் பிடித்து மேலே தூக்குங்கள். கீழே இன்னொரு கை தயாராக இருக்கட்டும். டப்பா கழன்று விழாமல் கூடவே வந்தால் அது பொடிக்கு. வராவிட்டால் பருப்புக்கு.